ஒரு தட்டளவு குளிர்ச்சி

வேலூரில் எங்கள் மேட்டுத் தெருவில், தெய்வசிகாமணி சாருடைய மாடிவீட்டுக்கு வனரோஜாவும் அவள் கணவன் லோகுவும் குடிவந்த தை மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையில், அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே பால் பொங்கிவிட்டது. சிலிண்டர் இன்னும் ஆட்டோவிலேயே இருந்தது, தீப்பெட்டி எந்தச் சாக்கில் போனதென்று லோகு தேடிக்கொண்டிருந்தான், வனரோஜா ஆறு மாத வயிற்றைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்து, கையிலிருந்த பால் குண்டானைக் கூடத்துத் தரையில் இறக்கி வைத்து இடுப்பில் கையை ஊன்றினாள், அவ்வளவுதான், குண்டானுக்குள் பால் முதலில் முணுமுணுத்து, பிறகு ஓரத்தில் நுரை கட்டி, பிறகு எழுந்து நின்று, முறையாகக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது.

வீடு மாறக் கூடாத நேரத்தில் மாறி வந்தவர்கள் அவர்கள். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு சட்டி பானையைத் தூக்கக் கூடாது என்று சொல்லாத ஆளில்லை. ஆனால் முந்தின வீட்டுக்காரருக்கு யாரோ அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, ஊர் தெரிந்ததில் தெரு தெரிந்து, தெரு தெரிந்ததில் மற்றதும் தெரிந்துபோய், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் காலி பண்ணுங்கள் என்று அவர் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு புரோக்கர் ஏகாம்பரத்தின் மொபெட்டுக்குப் பின்னாலேயே அவர்கள் ஏறி இறங்கிய வாசல்களில் எல்லாம் ஒரே கேள்விதான், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை இரண்டு சுற்று கூட்டி வைத்துவிட்டு, விரல் நகத்தைப் பார்த்தபடி கேட்கும் கேள்வி: "நீங்க என்ன ஆளுங்க?"

அதைக் கேட்கத்தான் தெய்வசிகாமணி சாரும் அன்றைக்கு மாடியேறி வந்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கீழ்வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு தனியாக இருப்பவர், கொஞ்சம் மறதிக்காரர். அட்வான்ஸ் வாங்கும்போது கேட்க விட்டுப்போனது அவரை உறுத்தியிருக்க வேண்டும். "தம்பி, ஒண்ணு கேக்க மறந்தேன், நீங்க..." என்று ஆரம்பித்தார், பால் பொங்கியது. கேள்வியின் மீதி அவர் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பினார்.

"நெருப்பில்லாம பொங்குது பாரு சார்," என்றார் ஏகாம்பரம். "இந்த ஊர்ல எத்தினி வீடு காட்டியிருப்பேன், இப்படி ஒரு ராசி பார்த்ததில்ல. குடிவந்த பொண்ணு காலு அப்படி."

"வீடு யாருதுய்யா?" என்றார் சார்.

"உங்களுதுதான் சார்."

"அப்ப என் வீட்டு ராசின்னு சொல்லு."

பிறகு வழக்கமான சட்டங்களைச் சொன்னார். ஆணி அடிக்கக் கூடாது, அம்மி கொத்தக் கூடாது, சுவரிலோ தளத்திலோ பெயின்ட், சுண்ணாம்பு, எதுவும் ஒரு கோடுகூடப் போடக் கூடாது. லோகு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சார் கேட்காமல் விட்ட ஒன்றுக்காக, அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பான்.

இந்தச் செய்தி மத்தியானத்துக்குள் தெருக்கோடியைத் தொட்டது, சாயங்காலத்துக்குள் தெரு அதைப் பழகிக்கொண்டது. முதல் நாள் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், இரண்டாம் நாள் வந்தவர்கள் கையோடு ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்தார்கள், மூன்றாம் நாள் யாரோ ஒருத்தி, கூடத்தைவிட அதற்கு மேலே இருக்கிற மொட்டைமாடித் தளம் இன்னும் காந்துகிறது என்று கண்டுபிடித்து, அரிசியைக் களைந்து குக்கரோடு மேலே போய், சோற்றோடு கீழே வந்தாள். மாசி பிறப்பதற்குள் எங்கள் தெருவின் சமையல் முழுக்க அந்த மாடிக்கு ஏறிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சூடு மிதமாக இருந்ததால் அங்கே பால், கஞ்சி, குழந்தைகளுக்கான பருப்பு; மேற்கு மூலை எண்ணெய் காயும் அளவுக்கு இருந்ததால் அங்கே வடை, அப்பளம்; நடுத்தளம், அதாவது வனரோஜா படுக்கும் கூடத்துக்கு நேர் மேலே இருக்கும் இடம், அது ஷம்ஷாத் அக்காவுக்கு. ஷம்ஷாத் அக்கா கல்யாணங்களுக்குப் பிரியாணி போட்டுக் கொடுப்பவர், பெரிய தேக்சா அண்டாவை அங்கே இறக்கி வைத்து, மேலே தட்டைப் போட்டு மூடிவிட்டால், தம் போடக் கரி தேவையில்லை, அடியில் கட்டை தேவையில்லை, கண்ணில் புகை இல்லை, உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தால் போதும், பிரியாணி தானே வெந்து தானே வாசனை விட்டது. சிலிண்டர் போடுகிறவர் தெருவில் மணி அடித்துக்கொண்டே வந்து மணி அடித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

"இன்னா, எல்லாரும் விரதமா?" என்று என்னிடம் கேட்டார். எதிர்வீட்டு வாடகைக்காரன் நான். குளிர் நாடுகளின் வாடகை வீடுகளில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவன், அங்கேயும் சன்னல் இடுக்கில் புகும் பனிக்காற்றை வீட்டுக்காரர் அடைத்துத் தரமாட்டார், குடியிருப்பவர்தான் கம்பளியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு எதிர்மாடியைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்து, "கொடுத்து வெச்ச வீடு," என்றார்.

அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். ஏகாம்பரம், ஊரில் எந்த மூலையில் யாருக்கு வீடு பிடித்துக் கொடுத்தாலும், குடிபோகிற அன்றைக்கு முதலில் இங்கே கூட்டிவந்து இந்த மாடியில் பாலைப் பொங்க வைத்து, அந்தப் பாலைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு அவரவர் புது வீட்டுக்கு அழைத்துப் போனார். தெய்வசிகாமணி சார் மொட்டைமாடிக் கதவுக்கு வெளியே நிழலில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார், வருகிறவர்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், அவர் திருநீறு பூசிவிட்டார், முதலில் கூச்சத்தோடும் பிறகு பழக்கத்தோடும். ஒரு வாடகை வீட்டுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததை அந்தத் தெரு அதற்கு முன்பு கண்டதில்லை, மண்டையைப் பிளக்கும் மாசி வெயிலில் நாங்கள் படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக, தெருவே ஒரு கல்யாண வீடு போல இரைந்தது.

அந்தக் கல்யாண வீட்டுக்கு அடியில் வனரோஜா இருந்தாள்.

மேலே சமைத்தவர்களுக்கு அது அடுப்பு, அவளுக்கு அது கூரை. மின்விசிறி போட்டால் அடுப்பு ஊதினது போல இருந்தது, போடாவிட்டால் அடுப்புக்குள் இருப்பது போல இருந்தது. நெற்றியில் வைத்த ஸ்டிக்கர் பொட்டு பசை உருகி மூக்குக்கு வந்தது. வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் குளிக்க முடியாத சூட்டுக்குப் போனது. ஈரப் புடவையைத் தரையில் விரித்துப் படுத்தால், புரண்டு படுப்பதற்குள் அது மொரமொரவென்று காய்ந்து, கஞ்சி போட்டது போல எழுந்து நின்றது.

"பல்லிகூட வீட்டைக் காலி பண்ணிக்கினு போயிடுச்சு," என்றாள் லோகுவிடம். அவன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்பவன், காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவான்.

"வேற வீடு பார்க்கலாமா?"

"பாரு. பார்த்துட்டு, எந்த வீட்டுக்காரன் கேக்காம குடுக்கறான்னு வந்து சொல்லு."

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உலைக்குள்ள குந்தினு இருந்தியா? வயித்துல இருக்கறது தாங்காது. குளிர்ச்சியான எடத்துல இரு," என்று திட்டியிருந்தாள். குளிர்ச்சியான எடம் என்பது மாத்திரைச் சீட்டில் எழுதித் தரக்கூடிய ஒன்று போல நர்ஸம்மா சொன்னாள்.

லோகு சாரிடம் போய்க் கேட்டுப் பார்த்தான், தளத்துக்கு மட்டும் ரெண்டு கை சுண்ணாம்பு அடிச்சுக்கறோம் சார், எங்க செலவு. சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாமி விளக்கை ஊதி அணைக்கறேன்னு எங்கிட்டயே வந்து கேக்கற. ஏம்ப்பா, ராசியான வீடு கெடச்சா அனுபவிக்கத் தெரியாதா?" என்றார். அவர் வீட்டுக்கும் வெயிலுக்கும் நடுவில் இரண்டு தளமும் ஒரு ஏசியும் வனரோஜாவும் இருந்தார்கள்.

பங்குனி பிறந்த இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, மத்தியானம், மேலே எல்லோரும் சமைத்து எடுத்துக்கொண்டு போன பிறகு, வனரோஜா கூடத்தைக் குறுக்காகக் கடக்கையில் அவள் இடது கால் மட்டும் ஒரு இடத்தில் நின்றுகொண்டது. காலை எடுத்துத் தள்ளி வைத்தாள், சுட்டது. மறுபடி அங்கேயே வைத்தாள், குளிர்ந்தது. குனிய முடியாமல் குனிந்து கையால் தடவிப் பார்த்தாள், வட்டமாக, சாப்பிடுகிற தட்டின் அளவுக்கு, விளிம்பு பிசகாமல் ஒரு குளிர்ச்சி தரையில் கிடந்தது. இரண்டு காலையும் சேர்த்து அதன் மேல் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு, உடம்பு முழுக்க அதில் அடங்காது என்பதால், தலையை மட்டும் அதன் மேல் வைத்துப் படுத்து, அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகப் பகலில் தூங்கிப்போனாள்.

எழுந்ததும் மேலே போய்ப் பார்த்தாள். ஷம்ஷாத் அக்கா வெற்றிலை வைத்துக்கொள்கிற எவர்சில்வர் தட்டு, மறந்து விட்டுப் போனது, நடுத்தளத்தில் கவிழ்ந்து கிடந்தது. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு அதன் முதுகில் கொட்டி, வெள்ளையாகக் காய்ந்திருந்தது. வனரோஜா தன் வீட்டுத் தட்டு ஒன்றைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் கவிழ்த்தாள். கீழே வந்து தடவினாள். இரண்டாவது வட்டம் இருந்தது, ஆனால் சுண்ணாம்பு இல்லாததால் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடி மேலே போய்ச் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினாள். இரண்டாவது வட்டமும் குளிர்ந்தது. மாடிக்கும் வீட்டுக்குமாக அவள் அன்றைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினாளோ, நிறைமாதத்தை நெருங்குகிற பெண் ஓடக் கூடாது என்று கத்த நான் வாசலுக்கு வருவதற்குள் அவளே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கூவினாள்:

"அக்கா! ஷம்ஷாத் அக்கா! உன் தட்டு இங்க இருக்குது! வந்து பாரேன்!"

ஷம்ஷாத் அக்கா வந்தார், தட்டை எடுக்கக் குனிந்தார், வனரோஜா அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய் அந்த வட்டத்தில் நிற்க வைத்தாள். அக்கா நின்றார். செருப்பில்லாத இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்து, பிறகு மெதுவாகச் சுருங்கியது.

"அப்ப மேல?" என்றார்.

"மேல தட்டு இருக்கற எடம் வேகாது, அக்கா."

"அதானே கேக்கறேன். வீடு முழுக்கக் குளிரணும்னா தளம் முழுக்கத் தட்டு. தளம் முழுக்கத் தட்டுன்னா என் தேக்சாவை நான் எங்க வெப்பேன், உன் தலையிலயா?"

"இப்ப என் தலையிலதான் வெச்சிருக்கே."

இந்தப் பதில் படியிறங்கி, தெருவில் வந்து, வீடு வீடாக நுழைந்தது. அதற்குப் பிறகு நடந்தது சண்டை என்றும் சொல்லலாம், திருவிழா என்றும் சொல்லலாம். ஒருத்திக்காகத் தெருவே மறுபடி கேஸ் வாங்கணுமா என்றார்கள். ஒருத்தி இல்லை, ரெண்டு உசுரு என்றார்கள். சாமி குடுத்ததை மூடினால் கண்ணைக் குத்தும் என்றார்கள். உங்க வீட்டுப் பொண்ணு கீழ படுத்துக் கெடந்தா இப்படிப் பேசுவியா என்றார்கள். பேசியவர்கள் எல்லோரும், பேச்சை நிறுத்தாமலே, உண்மையா என்று பார்ப்பதற்காக மாடிவீட்டுக்குப் போய் அந்த இரண்டு வட்டங்களில் மாறி மாறி நின்றார்கள், நின்றவர்கள் இறங்க மனமில்லாமல் நின்றுகொண்டே பேசினார்கள், வரிசை படி வரைக்கும் வந்தது.

கடைசியில் ஷம்ஷாத் அக்காதான் மொட்டைமாடியை ஒரு சுற்று நடந்து, படிக்கட்டு ஏறி முடிகிற இடத்தில், அதற்கு மழைக்காக மேலே போட்டிருந்த சின்னத் தளத்தில் எட்டிக் கையை வைத்தார். கையை உதறினார்.

"இங்கயும் காந்துது. இதுக்குக் கீழ யாராச்சும் படுக்கறாங்களா?"

"படியிலயா? பூனைகூடப் படுக்காது."

"அப்ப அடுப்பு இது. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வெச்சுக்கலாம், முன்ன மாதிரி எல்லாருக்கும் ஒரே நேரத்துல கெடைக்காது, மீதிக்கு கேஸ் வாங்குங்க, செத்துப் போயிட மாட்டீங்க. அந்தத் தளம் அதுக்கு," என்று வனரோஜாவின் வயிற்றைக் காட்டினார். "போங்க, தட்டை எடுத்துக்கினு வாங்க."

எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பரணிலும் தட்டுக்குப் பஞ்சமில்லை. கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது, யாரோ இறந்துபோன பதினாறாம் நாளுக்குக் கொடுத்தது, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, தேதி வெட்டி, ஒருநாளும் சாப்பிடாமல் துணி சுற்றி வைத்தது. அத்தனையும் அன்றைக்குப் பரணிலிருந்து இறங்கின. வாசல்தோறும் சுண்ணாம்பு கரைந்தது, பெண்களும் ஆண்களும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டுகளின் முதுகுக்கு வெள்ளையடித்தார்கள், காய்ந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார்கள். எவர்சில்வர் எவர்சில்வர் மேல் உரசும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. தெய்வசிகாமணி சார் நாற்காலியிலிருந்து எழுந்து, "தளத்துல சுண்ணாம்பு படக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்!" என்று இரண்டு கையையும் விரித்து வழிமறித்தார்.

"தளத்துல ஒரு சொட்டு படல சார்," என்றார் ஷம்ஷாத் அக்கா. "எங்க தட்டு, எங்க சுண்ணாம்பு. காய வெக்க வந்தோம்."

"எவ்வளவு நேரம் காய வெப்பீங்க?"

"ஈரமாத்தான் இருக்குது."

தட்டு ஒவ்வொன்றாகக் கவிழக் கவிழக் கீழே கூடத்தில் வட்டம் ஒவ்வொன்றாக விழுந்தது. வனரோஜா நடுவில் நின்று, "சன்னல் பக்கம் வந்துடுச்சு! அடுப்பாங்கரையில ஒண்ணு! இன்னும் கொஞ்சம் தெக்கால தள்ளு!" என்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள், வட்டமும் வட்டமும் தொட்டு, நடுவில் கிடந்த முக்கோணங்களை டம்ளர் மூடிகளும் சிமிழ் மூடிகளும் அடைத்து, சாயங்காலம் ஐந்து மணி வெயிலில், வேலூர்ப் பங்குனியில், அந்த வீடு ஆற்றங்கரை போல ஆகிவிட்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். பல்லி ஒன்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, யோசித்து, உள்ளே வந்தது.

சூடு போன வீட்டுக்குக் கும்பிடு வருவதும் குறைந்தது. பால் பொங்க வைக்க வருகிறவர்கள் படிக்கட்டுத் தளத்தோடு நின்றுவிட்டார்கள், அங்கே நாற்காலி போட இடமில்லை. இரண்டு நாள் கீழேயே உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணி சார், மூன்றாம் நாள் மேலே வந்தார், வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"அன்னைக்கு ஒண்ணு கேக்க வந்து நின்னு போச்சும்மா. நீங்க என்ன ஆளுங்க?"

வனரோஜா சொன்னாள். குரலைத் தாழ்த்தாமல், கடைக்காரர் மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். சார், "ஓ," என்றார். கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கினார்.

தெருவுக்கும் அது தெரிந்தது. எங்களில் சிலருக்கும் அந்தக் கேள்வி நாக்கு நுனியில் பல நாளாக இருந்ததுதான், பதில் தெரிந்தபின் முகம் மாறியவர்களும் இல்லாமல் இல்லை, ஆனால் அவர்கள் தட்டு ஏற்கெனவே மேலே இருந்தது, பெயரோடு இருந்தது, பக்கத்துத் தட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது. போய் அதை மட்டும் உருவிக்கொண்டு வர அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வளைகாப்புக்கு வந்தார்கள். சிலர் காப்பி மட்டும் குடித்தார்கள், சிலர் ஐந்து வகைச் சோறும் சாப்பிட்டு ஆறாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அதன் பிறகு வனரோஜா பிரசவத்துக்குப் போளூரில் அம்மா வீட்டுக்குப் போனாள். சித்திரை முதல் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

கத்திரி வெயில் ஆரம்பித்த சமயத்தில் ஏகாம்பரம் மொபெட்டை ஓரம்கட்டிவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாண்ணே?" என்றார் ஷம்ஷாத் அக்கா.

"பேங்க் ஆபீசர் ஒருத்தர். ஏசி இல்லாம குளிருற வீடு ஒண்ணு இருக்குதாமேன்னு சார்கிட்டயே நேர்ல வந்துட்டாரு. வாடகை கூட. நாளைக்கு மத்தியானம் வீட்டைப் பார்க்க வராங்க, சம்சாரத்தோட. லோகுகிட்ட சார் இன்னிக்குக் காலையில சொல்லிட்டாரு, பொண்ணு அங்கயே இருக்கட்டும், நீ சாமானை எடுத்துக்கோன்னு."

"லோகு இன்னா சொல்லிச்சு?"

"தலையாட்டிச்சு. அது எதுக்குத்தான் ஆட்டல. மூணாம் மாசம் பொண்டாட்டி வருவான்னு தொட்டில் கட்ட உத்தரக் கொக்கியைத் தொடச்சு வெச்சிருந்துச்சு. அதைப் பார்த்துக்கினே ஆட்டிச்சு."

அக்கா வெற்றிலையைத் துப்பினார். நாங்கள் கூட்டம் போடவில்லை, தீர்மானம் போடவில்லை, ஒருவரை ஒருவர் கேட்கவும் இல்லை. மறுநாள் காலையில் முதலில் ஷம்ஷாத் அக்கா படியேறிப் போய்த் தன் தட்டோடு இறங்கி வந்தார். "விருந்தாளி வராங்க, தட்டு பத்தல," என்றார் வாசலில் நின்ற சாரிடம். அடுத்தவர், "மாமியாருக்குத் திதி," என்றார். அதற்கடுத்தவர், "பேரனுக்குப் புதுத் தட்டுல ஊட்டினாத்தான் எறங்குது," என்றார். நான் எந்தக் காரணமும் தோன்றாமல் வெறும் தட்டோடு இறங்கி வந்தேன், சார் கேட்கவும் இல்லை. ஒவ்வொருவரும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், ஒவ்வொருவரும் தம் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து, தம்முடையதை மட்டும் எடுத்தார்கள், உச்சிவேளைக்குத் தளம் துடைத்துவிட்டது போலக் கறுப்பாகக் கிடந்தது.

பேங்க் ஆபீசரும் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை முன்வைத்துக் கூடத்துக்குள் நுழைந்த அந்த அம்மா, அடுத்த காலை வைத்தார், முதல் காலை எடுத்தார், அதை வைத்தார், இதை எடுத்தார், சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அவர் நாட்டியம் ஆடுவது போலவே தெரிந்தது.

"என்னங்க, வீடுன்னு சொல்லி தோசைக்கல்லுக்குக் கூட்டினு வந்திருக்கீங்க!"

"குளிரும்னு சொன்னாங்களே சார்?" என்றார் ஆபீசர்.

"குளிரும், நேத்து வரைக்கும் குளிர்ந்துச்சு," என்றார் தெய்வசிகாமணி சார். அவர் காலும் நிற்கவில்லை. அந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து அவர் மத்தியானத்தில் அதற்குள் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கார் போன பிறகு அவர் மொட்டைமாடிக்கு ஏறினார். தளத்தில் ரப்பர் செருப்பு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் பிய்ந்து வந்தது. கைப்பிடிச் சுவரைத் தொட முடியாமல், அதற்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்று தெருவைப் பார்த்தார். நாங்கள் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தோம், அவரவர் கையில் அவரவர் தட்டு.

"தட்டைக் கொண்டாந்து வைங்கம்மா," என்றார்.

"யாருக்கு சார்?" என்றார் ஷம்ஷாத் அக்கா.

"வீட்டுக்குத்தான்."

"வீடு சாப்பிடுமா? ஆளுக்குத்தான் தட்டு வெப்பாங்க."

சார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். நிற்கிற காலை மாற்றினார். "லோகு சம்சாரத்துக்கு," என்றார்.

"பேரில்லையா அதுக்கு?"

வெயில் அப்போது எங்கள் எல்லோர் தலைக்கும் நேர் மேலே இருந்தது, தெருவில் ஒருவர் நிழலும் ஒருவருக்கு வெளியே விழவில்லை. அத்தனை மாதமும் மேல்வீட்டுப் பொண்ணு என்றும் வாடகைக்காரப் பொண்ணு என்றும் சொல்லிவந்தவர், வாயைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார்.

"வனரோஜாவுக்கு."

"கோடி வீட்டுக்குக் கேக்கலியாம் சார்."

"வனரோஜாவுக்கு!" என்று கத்தினார் தெய்வசிகாமணி சார், கூட்டுறவுச் சங்கத்துப் பொதுக்குழுவில்கூட அவர் அப்படிக் கத்தியிருக்க மாட்டார். "வனரோஜாவுக்கும் அதும் பொண்ணுக்கும்! அதே வாடகைக்கு! அவங்க இருக்கற வரைக்கும்! போதுமா? காலு வேகுதும்மா!"

அப்போது தெருவில் எழுந்த இரைச்சலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. படிக்கட்டு கொள்ளவில்லை, ஏறுகிறவர் தலைக்கு மேலே தட்டு, இறங்குகிறவர் தலைக்கு மேலே வெறுங்கை, கீழிருந்து மேலே கைமாற்றிக் கைமாற்றித் தட்டுகள் போயின. சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள், எங்க மாடிவீட்டுலயும் ஒரு கைக்குழந்தை இருக்குது, எங்க மாடிவீட்டுல அப்பா படுத்த படுக்கையா இருக்காரு, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க என்று ஏகாம்பரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மொபெட்டின் மேல் ஏறி நின்று, "மொதல்ல பரணைத் தொறங்க! அப்புறம் வீட்டுக்காரனைக் கூப்பிட்டு மத்தியானத்துல உள்ள நிக்க வைங்க, செருப்பில்லாம!" என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதத்தில் வனரோஜா வந்தாள். குழந்தைக்கு ஆரத்தி எடுத்தார்கள், சார் தன் வீட்டு வாசலுக்குள்ளேயே நின்று எட்டிப் பார்த்தார், குழந்தை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மத்தியானம் லோகு கட்டிய தொட்டிலில் அவளைப் போட்டுவிட்டு வனரோஜா வாசலுக்கு வந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள், தூங்கிடுச்சு. மலைப்பாறைகள் வெயிலில் வெடிக்கிற நேரம் அது. எங்கள் எல்லோருக்கும் அந்தக் கணத்தில் ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது, கை தட்ட வேண்டும், வெடி போட வேண்டும் போல இருந்தது. ஷம்ஷாத் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், ஏகாம்பரம் மொபெட்டை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார், சிலிண்டர்காரர் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்தார், தெரு முழுக்க மூச்சடக்கி நின்றுகொண்டிருந்தது, குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள்.